முன்வரிசையில் சிவராஜ்

பங்குனி உற்சவத்தில் நாயன்மார் கதை என்றால் பிள்ளையார்பாளையத்தில் சிவராஜ்தான். பகலெல்லாம் தறியில் பட்டு நெய்வார். நெய்துகொண்டே சாயங்காலப் பேச்சை ஒத்திகை பார்ப்பார். பக்கத்தில் நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றும் மனைவி துர்காதேவிக்கு அவர் குரல் எங்கே ஏறும், எங்கே மூச்சு விடுவார் என்பதெல்லாம் மனப்பாடம்.

போன வருஷம் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. கழுத்துத் துளை வழியாக மூச்சு மட்டும் வந்து போனது. உதட்டை அசைத்துச் சொல்வார், துர்கா புரிந்துகொள்வாள்.

இந்தத் தடவை விழாக் குழுவிலிருந்து வீரபத்திரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தரைக் கூப்புடலாம்னு இருக்கோம்ணா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

சிவராஜ் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மனைவியைக் காட்டினார்.

 மகள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் பேரைச் சொல்லச் சொன்னதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டவள் துர்கா. "என்னால முடியாதுங்க. நாலு பேர் பார்த்தாலே காலு வெடவெடங்குது."

'என் கதையை வேற எவனோ சொல்லக் கூடாதும்மா' என்றது அவர் உதடு. அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பயிற்சி. அவர் நெய்வார், தறிச் சத்தத்துக்கு மேலே அவள் பேச வேண்டும். குரல் இறங்கினால் தறி நின்றுவிடும். அவளுக்கு மூச்சு முட்டினால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார், இங்கேயிருந்து என்று.

உற்சவத்தன்று மைக் முன்னால் நின்றபோது கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது.  முன்வரிசையில் சிவராஜ் மட்டும் தெளிவாகத் தெரிந்தார். அவர் உதடுகள் முதல் வரியைத் தொடங்கிவிட்டிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் தொடங்கினாள். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள், ஏறிய இடத்தில் ஏறினாள்.

கதையில் அடியவரின் மனைவி வரும் இடம். சிவராஜ் அதை இரண்டே வரியில் தாண்டிவிடுவார். அவளால் தாண்ட முடியவில்லை. புருஷன் முன்னால் சிரித்துவிட்டு அடுப்படியில் போய் அழுகிறவளைப் பற்றித் தன் வாய்க்கு வந்தபடி சொல்லத் தொடங்கினாள்.  கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவள் முன்வரிசையைப் பார்த்தாள். சிவராஜின் உதடுகள் நின்றுபோயிருந்தன. அந்த வார்த்தைகள் அவருக்குத் தெரியாது.

முடிந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இவ்ளோ நாளா எங்க அண்ணி இருந்தீங்க?" என்றான் வீரபத்திரன். அவள் விலகி வந்து தேடியபோது நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டில் அவர் தறியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து காற்று மட்டும் சீறியது. துர்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வேண்டுமென்றே செருப்பை ஓசைப்படக் கழற்றினாள். அவர் திரும்பிச் சிரித்தார். 'நல்லா இருந்துச்சும்மா.'

அடுத்த வாரம் செவிலிமேட்டில் ஒரு கோயிலிலிருந்து அழைப்பு வந்தது. போ என்றார். அவரையும் கூட வரச் சொன்னபோது தறியைக் காட்டி, வேலை இருக்குது என்றார்.

அங்கே முன்வரிசையில் யாரோ இருந்தார்கள். அவளுக்குக் கால் நடுங்கவில்லை, ஒரு வரிகூட மறக்கவில்லை. நடுங்கினால் தேவலை என்றிருந்தது. கைதட்டல் அடங்கும் முன்பே இறங்கி டவுன் பஸ் ஏறினாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

'எப்படி இருந்துச்சு?' என்று தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார் சிவராஜ்.

"பாதியில மறந்துட்டேன். நீங்க இல்லாம வரலைங்க."

அவர் அவளையே பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். முதல் வரியிலிருந்து மெதுவாக உதட்டை அசைத்தார். அவள் உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாதவள்போல, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள்.