கலியாணச் சப்பாத்து

கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய, குதி உயர்ந்த கூர்நுனிச் சப்பாத்தைத் தன் கலியாணத்துக்குப் போடமாட்டேன் என்று நதீஷா ஒரே பிடியாக நின்றாள்.

“வீடியோவில பெரியம்மா தேடுவா, பிள்ளை,” என்றாள் அம்மா மாகிரட்.

“போன வருசம் இப்பிடி ஒண்டைப் போட்டுத்தானே நகம் கறுத்து விழுந்தது? அதையும் தேடுவாவோ?”

நாள் முழுக்க நடந்த கால் பின்னேரத்தில் சற்று வீங்கி அகலும். அளவு பார்க்க அதுவே நல்ல நேரம். நதீஷா சப்பாத்துப் பெட்டியின் மூடியில் ஏறி நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். அதன்மேல் பெரியம்மாவின் சப்பாத்தை வைத்தாள். நீளம் சரியாக இருந்தது; ஆனால் விரல்கள் வரும் இடத்தில் கோடு இருபுறமும் வெளியே தெரிந்தது.

“வெளியில நிக்கிறது என்ர கால், அம்மா. வெட்டியோ உள்ளுக்கு வைக்கிறது?”

கடைத்தெருவில் தானே வாங்கிய, முன்பக்கம் அகன்ற வெள்ளைச் சப்பாத்தை அடுத்து வைத்தாள். கோடு முழுவதும் மறைந்தது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகல இடமும் மிஞ்சியது.

“குதி இல்லாமல் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில கட்டையாத் தெரிவாய்.”

“றிக்சன் கண்ணை மூடிக்கொண்டோ என்னைப் பொம்பிளை கேட்டவர்?”

மறுநாள் மாதா கோயில் வாசலில் வீடியோக்காரர் கிட்ட வந்ததும், கனடாவுக்கும் தெரியட்டும் என்று நிலம் தொட்ட கவுணை ஒரு சாண் தூக்கிப் பிடித்து நடந்தாள்.