ஆர்கனால் பிரிந்த சபை

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் குற்றாலம் பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரே வழிதான். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். ஆண்களுக்குத் தோளிலேயே துண்டு இருக்கிறது. என் கையில் இருந்தது அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளின் வரலாறு, அறுநூறு பக்கம், கெட்டி அட்டை. அதைப் போட்டேன்.

புத்தகம் என் ஆராய்ச்சி கைடுடையது. உள்ளே என் குறிப்புத் தாள்கள் நான்கு. பதினோரு மணிக்குக் குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். மாதிரி வகுப்பு ஒன்று பத்து நிமிடம் எடுக்க வேண்டும். “அமெரிக்காக்காரன் சாமி கும்பிட்டதைப் படிச்சு இலத்தூர்ல என்னட்டி செய்யப் போற?” என்று ஆறு வருடமாகக் கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த வேலைதான் என் பதில்.

முண்டியடித்து ஏறினால், என் இடத்தில் ஒரு அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, அது என் புத்தகம்.”

“நீதான் எறிஞ்சதா? வேதத்தை எறிவியா ஏட்டி?”

“வேதம் இல்லக்கா. சரித்திரம்.”

“அட்டையில சர்ச் இருக்கு.”

“சர்ச்சைப் பத்தின சரித்திரம். பாதிக்கு மேல சண்டைதான்.”

கண்டக்டர் சுடலைமுத்து வந்தார். தினமும் வரும் ஆள் போல, அவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டார். “ஜாய் அக்கா, சீட்டை நீங்க வச்சுக்கிடுங்க. புத்தகத்தைக் குடுத்துருங்க.”

“குடுத்தா மறுபடியும் எறிவா. என்ன சண்டைன்னு சொல்லட்டும், அப்புறம் பாப்போம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே தொடங்கினேன். சின்ன ஊர். ஒரே சபை. ஆராதனையில் ஆர்கன் வாசிக்கலாமா என்று தகராறு. வாலிபர்கள் வாங்கிவந்துவிட்டார்கள். அப்போஸ்தலர்கள் ஆர்கன் வாசித்தார்களா என்று கேட்டார்கள் பெரியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஆர்கனைக் காணவில்லை.

ஜாய் அக்கா முகம் மாறியது. “எங்க சபையில காணாமப் போனது கீபோர்டு. உனக்கு யாரு சொன்னா?”

“இது அமெரிக்காவுலக்கா. நூத்தம்பது வருஷம் ஆச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்தா போட்ட அம்மா திரும்பினாள். “எங்க தெருவுல பிறை பாத்ததுல சண்டை. எனக்கு வியாழக்கிழமை பெருநாள், எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை. ரெண்டு நாளும் பிரியாணி ஆக்குனது நான்தான்.”

“உங்களுக்குப் பிரியாணியாவது கிடைச்சுது,” என்றார் சுடலைமுத்து. “எங்க கோயில்ல முதல் விபூதி யாருக்குன்னு சண்டை. மூணு வருஷமா கொடைத் திருவிழாவே இல்ல. சாமி பட்டினியா கிடக்குது.”

பஸ் ஊர்ந்தது. அதற்குள் ஆளுக்கொரு சண்டை சொன்னார்கள். டிக்கெட்டை எல்லாரும் மறந்திருந்தார்கள், சுடலைமுத்து உட்பட.

கல்லூரி நிறுத்தம் வந்தது. “யாருட்டி எடுத்தா ஆர்கனை?” என்றாள் ஜாய் அக்கா.

“புத்தகத்தைக் குடுங்க, சொல்லுதேன்.”

கொடுத்தாள். படியில் நின்று சொன்னேன். “ஒரு பெரியவர் தன் தொழுவத்துல, மாட்டுக்குப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருந்தார். கோவத்துல வாலிபர்கள் எதுத்தாப்ல வேற சர்ச் கட்டிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு பெரியவங்க சபையும் ஆர்கன் வாங்கிட்டு.”

“அப்போ தொழுவத்துலயும் தேடணும்,” என்றாள் ஜாய் அக்கா, என்னிடமில்லை, தனக்குத்தானே.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே, “இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கும்மா?” என்றார். புத்தகத்தைத் திறந்தேன். தாள் ஒன்றுகூட இல்லை. எறிந்த வேகத்தில் தென்காசியிலேயே பறந்திருக்கும். நான் எறிந்ததுதான், யாரைத் திட்ட?

பஸ்ஸில் சொன்னதையே சொன்னேன். பிறை, விபூதி, கீபோர்டு எல்லாம் சேர்த்து. ஆர்கன் காணாமல் போன இடத்தில் மணி அடித்தது. நிறுத்தினேன்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். திறந்தார். “யாரும்மா எடுத்தது?”

“பத்து நிமிஷம் முடிஞ்சிட்டு சார். மிச்சம் அடுத்த வகுப்புலதான்.”

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். போகிற வழியில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன்.