சந்தனம் வைத்த சார்ஜர்

செம்பூரில் தங்கள் அடுக்குமாடிக் கட்டடம் மின்சார வண்டிக்கு மாறிய கதையை, குடியிருப்போர் சொசைட்டி செயலாளர் பஞ்சு யார் கேட்டாலும் சொல்வார்; கேட்காவிட்டாலும் சொல்வார். ஒரே ஓர் இடத்தை மட்டும் விழுங்கிவிடுவார். சார்ஜரே கூடாது என்று முதல் கூட்டத்தில் மேஜையைத் தட்டிய மகானுபாவர் அவர்தான். "கரெண்ட் கசிஞ்சா பில்டிங்கே பஸ்பம்!" என்று கத்தியதும் அவர்தான். மற்றவர்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்து, மாடியில் சோலார் தகடும் கீழே ஐந்து சார்ஜரும் வந்து, மின்கட்டணம் இறங்கியதும் பஞ்சு கட்சி மாறினார். மாறியதோடு நின்றாரா? சார்ஜர் பக்கத்தில் தன் பெயர் போட்டு ஒரு கல் பதித்தால் என்ன என்று ஜாடையாகக் கேட்டும் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கட்சி மாறிய உற்சாகத்தில், சான்பாடாவில் இருக்கும் மகள் ஹரிதாவையும் மின்சாரக் கார் வாங்க வைத்தார். வம்பு அங்கேதான் பிடித்தது. அவள் சொசைட்டியில் சார்ஜருக்கு அனுமதி இல்லை. ஆபீஸ் விட்டதும் அவள் வாஷியில் இருக்கும் பொதுச் சார்ஜருக்குப் போய், சார்ஜ் ஏறும்வரை காரிலேயே காத்திருந்து, குழந்தை தூங்கிய பிறகுதான் வீடு சேருவாள்.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ஒத்துக்கலேன்னா வண்டியை வித்துடறேம்ப்பா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பஞ்சுவைச் சுட்டது.

"உங்க சேர்மனை இங்க அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார். வாய்க்கு என்ன, வாடகையா?

சேர்மன் நாகூர் கனி, தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விஜயதசமி அன்று காலை வருவதாகச் சொன்னார். முந்தின நாள் ஆயுத பூஜை. பஞ்சு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்கினார். கார், மீட்டர் பெட்டி, வாட்ச்மேனின் டார்ச் என்று வரிசையாகப் பொட்டு வைத்தார். சார்ஜருக்கு முகம் எது என்று யோசித்து, காரில் செருகும் முனைதான் என்று முடிவு கட்டி, அங்கேயே கட்டை விரலால் அழுத்தி அப்பினார்.

"ஓட்டையில போய் ஏன் வெக்கறேள்? சுவத்துல வெச்சாப் போறாதா?" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

"சாஸ்திரம் தெரியாமப் பேசாதே."

மறுநாள் கனிக்கு அரைமணி நேரம் பிரசங்கம் நடந்தது. மாடித் தகட்டைக் காட்டியாயிற்று, மிச்சமான காசையும் சொல்லியாயிற்று. கடைசியில் பஞ்சு கல்யாண மேடையில் மாலை மாற்றுகிற பவ்யத்தோடு சார்ஜர் முனையைக் காரில் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த சார்ஜர். அதுவும் சிவப்பு. மூன்றாவது, நான்காவது, அவையும் சிவப்பு.

"பாத்தீயளா சார்? இதத்தான் நான் அங்கன சொன்னேன்," என்றார் கனி. "மெஷின நம்பி எறங்குனா நல்ல நாளும் அதுவுமா கால வாரிரும். பெறவு யாரப் போய்க் கேக்க?"

பஞ்சு முனையைத் திருப்பிப் பார்த்தார். துளைக்குள்ளெல்லாம் காய்ந்த சந்தனம். மேலே அவருடைய கட்டை விரல் ரேகை, போலீஸ்காரன் எடுத்ததுபோல் அத்தனை தெளிவாக.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பிக்கும். ஹரிதாவின் கார் தப்பிக்காது.

"மெஷின் மேல தப்பில்ல, கனி பாய். நேத்திக்கு நான்தான் அதுக்கெல்லாம் சந்தனம் ஊட்டினேன். நாலையும் இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டுப் பாக்கணும். அஞ்சாவது மட்டும் கிண்ணம் காலியானதால பொழைச்சுது." காரை நகர்த்தி அதைச் செருகினார். பச்சை எரிந்தது. தொடங்கியது தொடங்கிவிட்டோம் என்று மிச்சத்தையும் கொட்டினார். "இன்னொண்ணும் கேளுங்கோ. இங்க சார்ஜர் கூடாதுன்னு முதல்ல கத்தினவனே நான்தான். கரெண்ட் கசிஞ்சு எல்லாரும் செத்துப்போவோம்னு பயந்தேன்."

கனி சட்டென்று பக்கத்தில் வந்தார். "நெசமாவா சார்? எனக்கும் அதே பயந்தான். படிச்ச ஆளுவ மத்தியில எப்படிக் கேக்கன்னு வேற என்னத்தயோ சொல்லிட்டுத் திரியேன்."

அப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது. மழைத் தண்ணீர் பார்க்கிங்கில் நின்றால் என்ன செய்தீர்கள், கசிந்தால் தானாக நிற்குமா, முதலில் என்னென்ன கெட்டது என்று கனி துருவித் துருவிக் கேட்டார். பஞ்சு பிரசங்கத்தை மறந்து, தாங்கள் முட்டிக்கொண்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிதா போன் செய்தாள். "பாஸ் ஆயிடுத்துப்பா! ஆனா கனி பாய் ஒரு ரூல் போடச் சொல்லிருக்கார். பொட்டு, பூ எல்லாம் சுவத்துக்குத்தான், சார்ஜர் முனையைத் தொடப்படாது. அதுக்குப் 'பஞ்சு சார் ரூல்'னு பேர் வெச்சு போர்டுல எழுதி மாட்டப்போறா."

சில வாரம் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி போன் வந்தது. பின்னால் குழந்தையின் சிரிப்புச் சத்தம்.

"எங்கேடி இருக்கே, வாஷியா?"

"ஆத்துலதாம்ப்பா. வண்டி கீழ சார்ஜ் ஆயிண்டிருக்கு. குழந்தைக்கு நான்தான் சாதம் ஊட்டறேன்."

பஞ்சுவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, அந்தப் போர்டில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார்.