ரங்கா சாருக்கு ஒரு குருவித் தட்டு

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ரங்கா சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சேலத்திலிருந்து வந்த எனக்கு இந்தக் கன்னட ஊரில் வேலை இருந்தது. பேச அவர் ஒருவர்தான். தினமும் காலையில் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுப் பறவைகளைக் காட்டுவார். வாதம் வந்தபின் கட்டிலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தாலே கத்தினார்.

மூன்று மாதத்தில் அவர் பிறந்தநாள் வந்தது. எதையாவது கொடுத்து அவரை மறுபடி தோட்டத்தைப் பார்க்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே நினைப்பு.

"பைனாகுலர் வாங்கட்டுமா மாமி?" என்று அவர் மனைவி பாமா மாமியிடம் கேட்டேன்.

"பழசே பீரோல இருக்கு. ஒத்தைக் கையால எப்படிப் பிடிப்பார்?"

"பறவைப் படம் போட்ட புஸ்தகம்?"

"இருக்கறதையே பழைய பேப்பர்காரனுக்குப் போடுங்கறார்."

ஜன்னலுக்கு வெளியே குருவிக்குத் தீனி வைக்க, கூரை போட்ட மரத்தட்டு மாட்டலாம் என்று தோன்றியது. மார்க்கெட் பின்னால் ஒரு தச்சரிடம் போனேன். குருவிக்கு என்று சொல்ல வெட்கம். முப்பது வயது ஆள், கல்யாணம்கூட ஆகவில்லை, குருவிக்கு வீடு கட்டுகிறான் என்று சிரிப்பாரே. அளவை மட்டும் சொன்னேன். ஒரு அடி அகலம், மேலே கூரை, முன்பக்கம் திறந்திருக்க வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும்.

அவர் பேப்பரில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தேன். பிறந்தநாள் காலையில் பிரித்தால், உள்ளே பூஜை மண்டபம். கோபுரம், இரண்டு யானை, ஆறு பித்தளை மணி. அந்த அளவில் எல்லாரும் தச்சரிடம் கேட்பது அதுதான் போலிருக்கிறது.

மாமி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"மாமி... அது குருவிக்குத் தீனி வைக்க."

"அய்யய்யோ! சாமி இடத்துல எச்சம் போட விடுவேனா?"

"என்ன சண்டை அங்க?" என்றார் சார், சுவரைப் பார்த்தபடியே.

கொண்டுபோய்க் காட்டினேன். இடது கையால் ஒரு மணியைத் தட்டினார்.

"இத்தனை மணி கட்டினா எந்தக் குருவிடா வரும்? காத்தடிச்சு மணி ஆடினா பறந்துடும். அடியில ஓட்டை எங்க? மழை பெஞ்சா தினையெல்லாம் ஊறிப் போகாதா?"

"தெரியாது சார்."

"தெரியலைன்னா கேக்கணும். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"சும்னே நிக்காதே" என்றார் பாதிக் கன்னடத்தில். "ஸ்க்ரூ டிரைவர் எடுத்துண்டு வா."

மணிகளையும் யானைகளையும் கழற்றி மாமியிடம் கொடுத்தேன். கோபுரத்தை எடுக்கும்போது மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடியில் நாலு ஓட்டை போட்டேன். "இன்னும் ரெண்டு" என்றார் சார்.

தோட்டத்துக்குப் போய் ஆணி அடிக்க ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு உசரத்துல அடிக்கறே?"

"ஜன்னல் மட்டத்துக்கு சார்."

"அது எனக்குத் தெரியுமான்னு பாக்க வேண்டாமா? முதல்ல உள்ள வந்து கட்டிலைத் திருப்பு."

மாமி தலைமாட்டைப் பிடித்தார், நான் கால்மாட்டை.