காக்கா ஓட்டிப் பார்த்த ஸ்கூட்டி

14 ஒக்டோபர் 2025, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. ஸ்கூட்டியை விற்கிற இன்ஸாப் அதன் வருடத்தில் பொய் சொன்னார் என்று எழுதிவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. என் அண்ணன் ஸஹீத் காக்கா அனுப்பிய வாகனப் புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதிவு செய்த வருடத்தை, வண்டி செய்த வருடம் என்று நான்தான் மாறி வாசித்திருக்கிறேன். அந்த வரியை வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகும் மனம் சமாதானப்படவில்லை. வருடத்தில் பொய் சொல்லாதவர் வேறெதிலும் சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

எங்கள் வீடு நிந்தவூரில். கணக்கியல் வகுப்பு கல்முனையில், மாலையில். முடியும்போது மஃரிப் தொழுகை நேரம் தாண்டி இருட்டிவிடும். இதுவரை நூஹு மாமாவின் ஓட்டோவில் திரும்பினேன். இந்த மாதக் கடைசியில் அவர் கட்டார் போகிறார். வாப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "சொந்தமா வண்டி இல்லாட்டி வகுப்ப நிப்பாட்டு மகள். இருட்டுக்குள்ள உன்ன பஸ்ஸுக்கு நிக்க விட ஏலா." டிசம்பரில் சோதனை. இப்போது நிறுத்தினால் இந்த வருடம் முழுவதும் வீண்.

என் பாரம் நூற்றுநான்கு கிலோ. இங்கே எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஹபாயாவோடு மோட்டார் சைக்கிள் சரிவராது என்பதால் ஸ்கூட்டிதான். எந்த வண்டியும் தாங்கக்கூடிய பாரம் அதன் கைநூலில் இருக்கும் என்று வாசித்தேன். அதில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பை, எல்லாம் சேர்த்தி. பழைய வண்டியென்றால் பின்பக்கத்து சொக்கைப் பார்க்க வேண்டும். சில்லுக்கு மேலே குலுக்கலைத் தாங்குகிற கம்பிச்சுருள் அதுதான். ஆசனத்தை அமத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டும். துள்ளிக்கொண்டே இருந்தால் அது செத்துவிட்டது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். சரியாக விளங்கியதா என்றும் தெரியவில்லை.

15 ஒக்டோபர், புதன்

வகுப்புக்கு முன் நானும் காக்காவும் கல்முனைக்குடியில் இன்ஸாப் வீட்டுக்குப் போனோம். பழைய வண்டிகளை வாங்கித் திருத்தி வீட்டு வளவுக்குள் வைத்து விற்கிறார். ஸஹீத் காக்காவோடு படித்தவர். காக்கா பொத்துவிலில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். லீவில் வந்தவர், ஞாயிறு திரும்பிவிடுவார்.

படலையைத் தாண்டியதும் இன்ஸாப்பின் மனைவி றாஹிலா என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊர்களில் இப்போது எத்தனையோ பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். வாங்கும்போது மட்டும் வீட்டு ஆம்பிளைதான் ஓட்டிப் பார்ப்பார். என் சட்டையைக் காக்கா போட்டுப் பார்த்து அளவு சரி என்று சொல்வதைப் போன்றது இது. எனக்கு லைசன் இருக்கிறது. ஆனால் பிற ஆம்பிளைகள் நிற்கும் வளவில் நீ ஏறி ஓட வேண்டாம் என்று காக்கா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்.

நான் யன்னலால் பார்த்தேன். காக்கா ஒழுங்கைக்குள் இரண்டு தரம் போய் வந்தார். காக்கா ஐம்பத்திரண்டு கிலோ. அவர் இறங்கியதும் இன்ஸாப் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, துணியால் எதையோ துடைத்தார். துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அழுக்குத் துணியை யார் சட்டைப் பைக்குள் வைப்பார்கள்?

காக்கா வாசலுக்கு வந்தார். "வண்டி பூப்போல ஓடுது புள்ள."

"நீங்க ஏறினா அதுக்கு ஆள் ஏறினதே தெரியாது, காக்கா."

"பகிடி விடாத. வேணுமா வேணாமா?"

பின் சொக் எப்போது மாற்றியது என்று கேட்கச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், இன்ஸாப்புக்கும் கேட்டிருக்கும். அவர் மதிலைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சிக்கி என்ன கேக்கணுமெண்டாலும் உனக்கிட்டக் கேக்கச் சொல்லு மச்சான்" என்றார். அங்கே நின்ற நேரம் முழுவதும் அவர் ஒரு தரமும் என் பக்கம் திரும்பவில்லை.

முகம் பார்த்துக் கதைக்காதவரிடம் வாங்கக் கூடாது என்று எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறேன். அவர் எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்துக் கதைக்காதவராகவும் இருக்கலாம். ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை.

காக்காவும் இரண்டு தரம் சொல்லிவிட்டார், "இந்த விலைக்கு வேற கிடையாது, நாளைக்கே முடிவச் சொல்லுவம்" என்று. லீவு முடிகிற அவசரமா, வேறு அவசரமா? சொந்தக் காக்காவைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் தோன்றியதை எழுதத்தான் வேண்டும்.

17 ஒக்டோபர், வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு மறுபடி போனோம். இந்த முறை றாஹிலா கூப்பிட்டும் நான் உள்ளே போகவில்லை.

"நான் ஏறி இருந்து பாக்கணும்" என்றேன்.

காக்காவின் முகம் சுருங்கியது. இன்ஸாப் உடனே போனை எடுத்து, "ஒரு கோல் வருது" என்று சொல்லிப் படலைக்கு வெளியே போய்விட்டார். போன் அடிக்கவில்லை. எனக்கு நன்றாகக் காது கேட்கும்.

ஏறி இருந்தேன். பின்பக்கம் அமிழ்ந்தது. இரண்டு தரம் உன்னி உன்னிப் பார்த்தேன். டயர் மேலே மட்காட்டில் 'கர்' என்று உரசியது. இறங்கி சொக்கைத் தொட்டேன். விரலில் கறுப்பாக எண்ணெய். விரலைக் காக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இவர் உங்களுக்கு எவ்வளவு தாறார், காக்கா?"

"என்ன?"

"கொமிசன்."

காக்கா அதிர்ந்துபோனார். "அல்லாஹ்வுக்காக வாயப் பொத்து. ஒரு சதம் நான் தொடல்ல."

"அப்ப ஓடப்போறது யாரெண்டு இவர்ட சொன்னீங்க?"

"தங்கச்சி எண்டு சொன்னன்."

"எத்தின கிலோ எண்டு சொன்னீங்க?"

காக்கா நிலத்தைப் பார்த்தார். குரல் நன்றாகத் தணிந்துவிட்டது. "அத எப்பிடிப் புள்ள சொல்ற? ஒரு அந்நிய ஆம்புளக்கிட்டப் போய், என்ட தங்கச்சி இப்பிடி, இவ்வளவு பாரமெண்டு. நீயே சொல்லு, அது சொல்ற கதையா?"

என் உடம்பைப் பற்றி இன்னொரு ஆம்பிளை நினைக்கவே கூடாது என்று காக்கா மறைத்திருக்கிறார். இன்ஸாப் காக்காவை வைத்தே தங்கையையும் அளந்திருக்கிறார். இவ்வளவு நாளும் ஒளித்தது என்ன என்று நான் தேடிய பொருள் என் பாரம்தான். ஒளித்தவர் விற்பவருமல்ல.

படலைக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. உள்ளே வரலாமா என்று இன்ஸாப் கேட்கிற விதம் அது. அவர் வந்ததும் நானே சொன்னேன்.

"என்ட பாரம் நூத்திநாலு கிலோ. தாங்குறதுக்கு இந்த வண்டி காணுமா?"

காக்கா கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸாப் குந்தி, பின் டயரை விரலால் அமத்திப் பார்த்தார்.

"காணா" என்றார். எனக்கு நேராக அவர் சொன்ன முதல் சொல். பிறகு காக்காவிடம் திரும்பினார். "என்ன மச்சான் நீ? இத முதல்லயே சொல்லப்படாதா? நான் உன்னப்போல இன்னொரு ஒல்லி ஈர்க்கில் எண்டெல்லா நினச்சன்."

"எண்ணெய் கசியிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அதானே துடைச்சீங்க."

"அம்பது கிலோ ஆளுக்கு அது ஒண்டும் செய்யாது." பிடரியைச் சொறிந்தார். "சொல்லாம விட்டது பிழதான்."

ஆகவே என் சந்தேகம் முழுப் பிழையுமல்ல. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நிற்கும்போது வாசலிலிருந்து றாஹிலா சிரித்தார்.

"நூத்திநாலுக்கா ரெண்டு பேரும் இப்பிடி முழிக்கிறீங்க? நான் தொண்ணூத்தாறு. இவர் எனக்கு எடுத்துத் தந்த வண்டியப் பாருங்க தங்கச்சி. எனக்கு இந்தத் தும்பியத் தரல்ல."

"றாஹிலா!" என்றார் இன்ஸாப். காக்கா உடனே மதிலைப் பார்க்கத் தொடங்கினார்.

பின்வளவில் நின்றது நூற்றிருபத்தைந்து சீசீ ஸ்கூட்டி. ஆசனம் அகலம், சில்லும் பெரிது, முன்னுக்கு டிஸ்க் பிரேக். றாஹிலா வண்டித் திறப்பை என் கையில் வைத்து, "ஓடுங்க, நான் பின்னுக்கு ஏறுறன்" என்றார். இருவருமாகக் கைநூலில் சொன்ன பாரத்தைத் தாண்டியிருப்போம். ஆகவே ஒழுங்கை முனை வரை மெதுவாகத்தான் போனேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வரும்போது றாஹிலாவை இறக்கிவிட்டுத் தனியே ஒரு தரம் ஓடினேன். பிரேக்கை அழுத்தியதும் நின்றது. பின்பக்கம் அமிழ்ந்து ஒரு தரம் எழும்பி அடங்கியது. மதிலைப் பார்த்துக்கொண்டிருந்த காக்கா எப்போது இந்தப் பக்கம் திரும்பினாரோ தெரியாது, நான் வந்து நிற்கும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது விக்கிறதா?" என்று கேட்டேன்.

"என்ட வண்டியயா?" என்றார் றாஹிலா. "இவர வேணுமெண்டா கொண்டு போங்க."

இதே வண்டி, இதைவிடப் பழையது, மருதமுனையில் ஒருவரிடம் இருக்கிறதாம். அந்தச் சின்ன ஸ்கூட்டியின் விலைக்கே பேசலாம் என்றார் இன்ஸாப். விலை எப்படிச் சரிவரும் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "கடற்கரையோட வீடு. உப்புக்காத்து. பெயின்ட் போய்ட்டு. அடியில துருவும் இரிக்கும். பாத்துத்தான் எடுக்கணும்."

துருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எண்ணெயைத் துடைத்து மறைத்த மனிதர் துருவைத் தானாகச் சொல்கிறார். திருந்திவிட்டாரா, ஒரு குறையைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிறாரா? பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காரைதீவு தாண்டியதும் காக்கா என் பக்கம் திரும்பினார். "கொமிசனெண்டு கேட்டுட்டாய்" என்றார்.

"மன்னிச்சிருங்க காக்கா."

"ம்." வெளியே வயலைப் பார்த்தார். "நாளைக்கி நீயே ஓடிப் பாரு. நான் ஒதுங்கி நிக்கிறன்."

"அங்க ஆம்புளயள் நிப்பாங்களே?"

"நிக்கட்டும். என்னால இனி உனக்காக வண்டி ஓட ஏலா."

வாப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்த பிறகு சொல்வதுதான் சரி.

நாளை சனி. வகுப்புக்கு முன் மருதமுனை. சாக்கு ஒன்றும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோக வேண்டும். சாக்கை விரித்துக் குனிந்து, அடிச்சட்டத்தில் துருப்பிடித்த இடங்களைக் குத்திப் பார்க்க வேண்டும். இரும்பு உதிர்ந்தால் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். உதிராவிட்டால் பிரதான வீதி வரை நான் ஓடிப் போய்த் திரும்ப வேண்டும்.