வெள்ளைப் பூ வந்தால்

பேக்கிங் செக்‌ஷன் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து நெட்வொர்க் கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி தண்டாயுதபாணி அதைச் சொன்னார். அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "ராஜ்கமல் தம்பி, ஞாயித்துக்கெழம நம்ம கோயலுக்குப் போயி ஆத்தாகிட்ட ஒரு வாக்குக் கேட்டுட்டு வந்தர்லாமுங்க. திங்கக்கெழமையே உங்க புரோகிராம ஆரம்பிச்சுக்கலாம். நீங்களும் வந்துருங்க." பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்து வெளியே தலை நீட்டுவதற்குள் முதலாளி கட்டிங் பக்கம் போய்விட்டார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் ஏன் ஆணி அடிக்கிறான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திருப்பூரில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே என் வேலைதான். பிரின்டரில் காகிதம் சிக்கினால் எனக்குப் போன் வரும். எவனோ பென் டிரைவில் சினிமாப் பாட்டோடு வைரஸையும் சேர்த்துக் கொண்டுவந்து செருகினால் எனக்குப் போன் வரும். ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டு டிவிக்கு ரிமோட் வேலை செய்யவில்லை என்று என்னை அழைத்துப் போயிருக்கிறார். பேட்டரி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட்டைக் காட்டினால், "அதுல ஒரு பட்டன் தட்டுனா லாபம் எவ்வளவுன்னு வர்ற மாதிரி பண்ணிருங்க, ஒரு பட்டன்தானுங்களே" என்பார்கள். அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒருவன் சோறு தண்ணி இல்லாமல் உட்கார வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. தையல் மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம். நான் விற்பதைத் தொட முடியாது. தொட முடியாத பொருளுக்கு விலை சொல்கிறவனை இந்த ஊர் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்க்கிறது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாங்க" என்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள், வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அயர்ன் மாஸ்டராக இங்கே வந்தவர். எங்கள் பக்கத்து ஆட்கள் வேண்டாமென்றால் வேண்டாம் என்று கத்திவிடுவார்கள், வலித்தாலும் அன்றோடு போய்விடும். இங்கே பிறந்து வளர்ந்தும் ஒரு 'பாக்கலாங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை நம்பி மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன்.

தண்டாயுதபாணி அப்படியில்லை என்று நினைத்தேன். நான் எழுதிய புரோகிராம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நூல் வந்து இறங்குவதிலிருந்து துணி பின்னி, சாயம் ஏற்றி, வெட்டி, தைத்து, பெட்டியில் அடைத்து லாரி ஏறும்வரை ஒரு ஆர்டர் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று காட்டும். சாயப்பட்டறைக்காரர் வண்டி கிளம்பிவிட்டது என்பார், கட்டிங் மாஸ்டர் ஒரு ரோல்கூட வரவில்லை என்பார், நடுவில் ஆர்டருக்குப் பொறுப்பான மெர்ச்சன்டைசர் போனில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார். அந்தக் கத்தலை நிறுத்தத்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் இதையே எழுதினேன். எழுதியதைக் காட்டப் போன கம்பெனிகளில் இவர் ஒருவர்தான் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். நல்ல கேள்விகள் கேட்டார். கடைசியாக, "இத நம்ம மச்சானும் பாத்துக்கலாமுங்களா?" என்றார். மச்சான் அவருடைய பார்ட்னர், பணம் போட்டவர், கோயமுத்தூரில் இருப்பவர். நான் பெருமையாக, "அவரு வீட்டுல இருந்தே பாக்கலாங்க. எந்தத் துணி எங்க போச்சுன்னு ஒண்ணு விடாமத் தெரியும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ சொல்லி அனுப்பினார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி அனுசுயாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். தண்டாயுதபாணி கம்பெனியில் புரோகிராம் ஓட ஆரம்பித்தால் இங்கேயே இருப்பது. அவரைப் பார்த்து அவருடைய சொந்தபந்தங்களில் நாலு பேர் வருவார்கள், இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் பரவும். ஓடாவிட்டால் கடையைக் கட்டிவிட்டு பெங்களூரில் என் நண்பன் குமாரவேல் இருக்கும் கம்பெனியில் சேர்ந்துவிடுவது. இங்கே எழுதிய எதுவும் அங்கே எதற்கும் உதவாது. யாரோ எழுதியதில் யாரோ கண்டுபிடித்த பிழையைத் திருத்தும் வேலை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"சாமிகிட்ட கேக்கப் போறீகளா?" என்றாள் அனுசுயா. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அவுகளுக்கு அப்படித்தான் வழக்கம்னா போய்ட்டு வாங்க. ஆனா என்ன சொன்னாலும் நேராச் சொல்லச் சொல்லுங்க. இனி ஒரு தடவ அலைய வேணாம். ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை அவரே கார் ஓட்டினார். பல்லடம் தாண்டிக் குண்டடம் போகும் சாலையில் இருபுறமும் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. சோளம் இந்த வருடம் எப்படி, டாலர் எங்கே போய் நிற்கும், கரன்ட் கட்டுக்கு ஜெனரேட்டர் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தார். பெரிய காரியம் எதுவும் குலசாமியிடம் பூப் போட்டு வாக்குக் கேட்காமல் செய்ததில்லை என்றார். மகள் கல்யாணம், தோட்டத்தில் போர் போட்டது, முதல் மெஷின் வாங்கியது எல்லாம் கேட்டுத்தான். "சாயப்பட்டற போடலாம்னு கேட்டப்ப செவப்புப் பூ வந்துருச்சுங்க. உட்டுட்டன். அன்னிக்குப் போட்டவீங்கல்லாம் இன்னிக்குச் சாயத்தண்ணிக் கேசுல கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அலையறாங்க." அதைக் கேட்டபோது எனக்கே அது நியாயமாகப் பட்டது.

"நமக்கும் செவப்பு வந்துச்சுன்னா?" என்றேன்.

"அதெல்லாம் வராதுங்க. நல்ல காரியந்தானுங்களே."

காட்டுக்கு நடுவே சின்னக் கோயில். பக்கத்தில் படிக்கட்டு இறங்கும் அகலமான கிணறு. பூசாரி நல்லான் ஈர வேட்டியோடு எங்களுக்காகக் காத்திருந்தார். தாம்பாளத்தில் வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்புச் செம்பருத்தியும் தனித்தனியாக இருந்தன. முறையை எனக்குச் சொன்னார்கள். வெள்ளையில் ஒரு பொட்டலம், சிவப்பில் ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்து ஆத்தா காலடியில் வைப்பது. ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது, ஒரு வருடத்துக்கு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. பூசாரி தாம்பாளத்தோடு கருவறைக்குள் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மடித்து, ஆத்தா காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தார். தண்டாயுதபாணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. அவர் ஆத்தாவிடம் என்ன கேள்வி கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே எடுங்க தம்பி" என்றார்.

"நானுங்களா?"

"உங்க சரக்குத்தானுங்க. உங்க கையே படட்டும்."

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தோன்றவில்லை. பொட்டலங்களை உற்றுப் பார்த்தேன். ஒன்று சற்றுப் பெரிதாகப் புடைத்திருந்தது, மற்றது சின்னது. செம்பருத்தி பெரிய பூ, நந்தியாவட்டை சின்னப் பூ. ஆகவே சின்னப் பொட்டலத்தில் இருப்பது வெள்ளை. இத்தனை சுலபமாகவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு வருட உழைப்பு கையில் இருக்கும்போது வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? குனிந்து சின்னதை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் அனுசுயாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பூசாரி வாழைநாரை அவிழ்த்தார். உள்ளே விரியாத செம்பருத்தி மொட்டு ஒன்று, குடை மடக்கியதுபோல முறுக்கிக்கொண்டு, சிவப்பாக இருந்தது.

தண்டாயுதபாணி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் தோளில் கை வைத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அது நடிப்பாகத் தெரியவில்லை. "உடுங்க தம்பி. ஆத்தா வேண்டாங்கறா. உங்களுக்கு வேறெங்கியோ நல்லது வெச்சிருக்கறா."

"இன்னொரு தடவ கேக்க முடியாதுங்களா?"

"அது முறையில்லீங்க. வர்ற வருசம் பாக்கலாங்க."

எனக்கு அழுகை வந்தது. விலை அதிகம் என்றிருந்தால் குறைத்திருப்பேன். புரோகிராம் சரியில்லை என்றிருந்தால் ராப்பகலாக உட்கார்ந்து திருத்தியிருப்பேன். ஆத்தா வேண்டாமென்றால் அதில் எந்த வரியைத் திருத்துவது? அதைவிட, எடுத்தது என் கை. இவர் எடுத்துச் சிவப்பு வந்திருந்தாலாவது திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று மனசு அரித்தது. கணக்குப் போட்டு எடுத்ததற்குத்தான் இந்தத் தண்டனையோ என்று, சாமியே கும்பிடாதவனுக்குத் தோன்றியது.

"சித்த இருங்க, அந்தக் களத்தூட்டுல அரிசிம்பருப்புச் சாப்பாடு பண்ணச் சொல்லியிருக்கறன். ஒரு வாயாவது சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டுத் தண்டாயுதபாணி பக்கத்து வீட்டைப் பார்த்து நடந்தார். பூசாரி எடுக்காத பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அதையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

"எடுக்காத பூவப் பாக்கப்படாது கண்ணு. தண்ணில உட்டரோணும்." என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. சின்னப் பொட்டலத்தில் மொட்டு இருந்தது என்றால், பெரிய பொட்டலத்தில் கைநிறைய நந்தியாவட்டை இருக்கலாம். விரிந்த செம்பருத்தி ஒன்றும் இருக்கலாம். இரண்டிலுமே சிவப்பென்றால் நான் எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். மச்சானும் பாத்துக்கலாமுங்களா என்று அவர் கேட்டதும், நான் ஒண்ணு விடாமத் தெரியும் என்று மார்தட்டியதும், அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மச்சான் கண்ணில் படக் கூடாத துணி ஏதாவது இங்கிருந்து போகிறதா? முடியாது என்று வாயால் சொல்லத் தெரியாத மனுஷர், அதைச் சொல்ல என்னை இவ்வளவு தூரம் காரில் அழைத்து வந்தாரா? இல்லை, என் வயிற்றெரிச்சல்தான் ஒரு நல்ல மனிதர்மேல் பழி போடுகிறதா? இப்படிச் சந்தேகப்பட எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. உள்ளே வெள்ளை இருந்து, சாமி சொன்னது என்றால் இன்னொரு கம்பெனி வாசல் ஏறிப் பார்க்கலாம். மனுஷன் சொன்னது என்றால் இந்த ஊரில் எந்த வாசலும் இல்லை, யாருக்குமே எதுவும் தெரிய வேண்டாம், நான் இரண்டு வருடமாகச் செய்தது அத்தனையும் யாரும் கேட்காத வேலை. நாளைக்குக் குமாரவேலுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

அது தண்ணீரில் மெல்லச் சுற்றிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கியது. வாழைநார் முடிச்சு அவிழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். கடைசிப் படியில் பாசி வழுக்கியது. உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினேன்.

"அங்க என்னங்க தம்பி பண்றீங்க?"

மேலே தண்டாயுதபாணி நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார். வேகமாக நாலைந்து படி இறங்கி வந்து, குனிந்து எனக்குக் கையை நீட்டினார். "வழுக்குமுங்க. என் கையப் புடிச்சுட்டு வாங்க" என்றார்.

இன்னும் ஒரு சாண் எட்டினால் பொட்டலம் கைக்கு வந்துவிடும். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் பாசிப் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.