போய்ச் சேர்ந்த சேதி

என் விடுதிக்கு நான் வச்ச பேரு சுந்தரராஜ் தங்கும் விடுதி. பலகையில எழுதி, பச்சை பெயிண்ட் அடிச்சு வாசல்ல மாட்டினேன். ஒரு பய அந்தப் பேரைச் சொல்றதில்லை. போடி பூராவும் அதுக்குப் பாய்க்கடைன்னுதான் பேரு. ராத்திரிக்கு ஒரு பாயி, ஒரு தலகாணி, நாலணா. அவ்வளவுதான் விடுதி. வெளியூர்க்காரன் பாய்க்கடைன்னு கேள்விப்பட்டு, தொப்பி போட்ட பாயைத் தேடிக்கிட்டு வருவான். உள்ள நுழைஞ்சா சுவத்துல ஏசு படமும் அதுக்குக் கீழே நானும் இருப்போம். அவன் முழிக்கிற முழியைப் பாத்தா எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும்.

ஜமீன் அரண்மனைக்குப் பின்னாடி இருந்த பழைய ஏலக்காய்க் கிட்டங்கி அது. எங்கப்பா காலத்துல மூட்டை அடுக்கின இடம். வியாபாரம் நொடிச்சதும் நான் மூட்டைக்குப் பதிலா ஆளுகளை அடுக்கினேன். மழை நாள்ல இன்னமும் சுவரு ஏலக்காய் மணக்கும்.

மலை மேல ஏலத்தோட்டத்துக்கு வேலை தேடிப் போறவங்க, இறங்கி வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட ஒரு ராத்திரி படுத்துட்டுத்தான் போவாங்க. அடிவாரத்துல முந்தல் வரைக்கும் வண்டி கிடைக்கும். அதுக்கு மேல துட்டு உள்ளவன் ஜீப்புல போவான், இல்லாதவன் நடப்பான். வழியில அட்டை, பனி, யானை, போதாததுக்குக் காய்ச்சல். ஆரம்பத்துல எங்கிட்டப் படுத்துட்டுப் போன ரெண்டு பேரு என்ன ஆனாங்கன்னே தெரியாமப் போச்சு. அதுக்கப்புறம் நான் ஒரு சட்டம் போட்டேன். நடந்து மலை ஏறுறவன் பேரை வடக்குச் சுவத்துல சாக்கட்டியால எழுதிருவேன். மேல போனதும் அவன் யாராவது சுமைகாரங்ககிட்டச் சொல்லிவிடணும். ‘இன்னார் போய்ச் சேர்ந்துட்டாரு’ன்னு சேதி வந்தா ஈரத்துணியால பேரை அழிச்சிருவேன். சேதி சொல்லி விடாதவன் மறுபடி வந்தான்னா, பாயும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு வாசல்லயே வச்சுக் கத்துவேன். நான் கொஞ்சம் வாய்க்காரன். ஊருக்கே தெரியும்.

மத்த ஊர்ல போய்ச் சேர்ந்துட்டாருன்னு காதுல விழுந்தா சாவுன்னு நினைச்சுத் துட்டி கேக்கக் கிளம்பிருவாங்க. எங்க வீட்டுல அது நல்ல சேதி. என் சம்சாரம் தேவகிருபை அதைக் கேட்டா ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் அடுத்த சோலி பாப்பா.

அம்பத்திரண்டாம் வருசம் ஆடி மாசம், வீரணன்னு ஒரு ஆளு வந்தாரு. கமுதிப் பக்கம் ஊரு. மூணு வருசமா மழை இல்லாம அந்தப் பக்கத்து ஆளுக கூட்டங்கூட்டமா வந்த சமயம். இவரு ஒத்தையில வந்திருந்தாரு. கேக்காமலே கிணத்துல தண்ணி இறைச்சுத் தொட்டியை நிரப்பினாரு. மறுநாள் காலையில ஒரு கார்டு எழுதித் தரச் சொன்னாரு. பொண்டாட்டி பேருக்கு. ‘போடியில பாய்க்கடையில இருக்கேன், ஏலத்தோட்டத்துக்குப் போறேன்’னு ரெண்டு வரி. வேற ஏதாச்சும் எழுதவான்னு கேட்டேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டாரு. நல்ல சட்டை ஒண்ணை மூட்டையாக் கட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. மலைக்குப் போறவங்க எல்லாம் அப்படித்தான், நல்ல துணியைக் கீழேயே விட்டுட்டுப் போவாங்க. வடக்குச் சுவத்துல அவரு பேரை எழுதினேன்.

பத்து நாளாச்சு. சேதி வரலை. தினம் அந்தப் பேரைப் பாக்கும்போதெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கிட்டே இருப்பேன். பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பஸ்சுல அந்தப் பொம்பளை வந்து இறங்குச்சு. கையில நான் எழுதின கார்டு. பேரு இருளம்மாள். கார்டை நீட்டி, இவரு எங்க இருக்காருண்ணேன்னு கேட்டுச்சு.

மேல போனவரு, சேதி இன்னும் வரலைன்னு சொன்னேன். சுவத்துல பேரைக் காட்டினேன். படிக்கத் தெரியாதாம். எது அவரு பேருன்னு விரலை வச்சுக் காட்டச் சொல்லுச்சு. காட்டினதும், அந்தப் பேரு தொலைஞ்சிரும்ங்கிற மாதிரி அங்கேயே, அந்தச் சுவத்துக்கு எதிர்லயே உக்காந்துக்கிச்சு.

ஏன் வந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லலை. தேவகிருபைகிட்டச் சொல்லியிருக்கு. விதைக்கு வச்சிருந்த கம்பை வீரணன் தூக்கித் தம்பி வீட்டுக்குக் குடுத்துட்டாரு. தம்பி பிள்ளைக பசியில கிடந்துச்சாம். இந்தம்மாவுக்கு ஆத்திரம் தாங்கலை. எங்கிட்டாச்சும் போய்ச் சேருன்னு சொல்லிருச்சு. புருசனைப் பொண்டாட்டி திட்டுற வார்த்தைதான், எந்த வீட்டுல இல்லை. அந்த மனுசன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அந்தச் சொல்லை அவரு மூஞ்சியைப் பாத்துத் திருப்பி வாங்கிக்கிடணும், அதுக்குத்தான் ஆத்தா வந்தேன்னு சொல்லி அழுதுச்சாம். தேவகிருபை வந்து எங்கிட்டச் சொன்னா. எனக்கும் மனசு கேக்கலை.

மத்தியானம் சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சுமைகாரன் சோணை தெருவுல வந்தான். தலையில ஏலக்காய் மூட்டை, மழைக்கு மேல சாக்குக் கொங்காணி. வாசல்ல நிக்கக்கூட இல்லை. நடந்துக்கிட்டே சொன்னான்.

“அண்ணே, வீரணன் போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு சனம் யாராச்சும் வந்தா சொல்லிருங்க.”

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பத்து நாள் பாரம் இறங்குன மாதிரி. ஈரத்துணியைத் தேடி எடுத்துக்கிட்டுத் திரும்பினா, இருளம்மாள் எந்திரிச்சு நிக்குது. மூஞ்சியில ரத்தம் இல்லை.

“என்னண்ணே சொல்லிட்டுப் போறாரு?”

நான் சிரிச்சேன். நான் அன்னிக்குச் சிரிச்சேன்கிறதை இன்னும் என்னால தாங்க முடியலை.

“பயப்படாத தாயி. உங்க ஊர்லதான் அது கெட்ட வார்த்தை. எங்க போடியில அது நல்ல வார்த்தை. உன் புருசன் சுகமா மேல போயிட்டாரு.”

அது நம்பலை. மறுபடி மறுபடி என் மூஞ்சியைப் பாத்துச்சு. நான் துணியை நனைச்சு, அது கண்ணு முன்னாலயே வீரணன் பேரை அழிச்சேன். பாரு, இந்த வீட்டுல பேரு அழிஞ்சா ஆளு பத்திரம்னு அர்த்தம்னு சொன்னேன். தேவகிருபையும் ஸ்தோத்திரம்னா. அப்புறந்தான் அதுக்கு மூச்சு வந்துச்சு. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதுச்சு.

உடனே மேல போகணும்னுச்சு. ரெண்டு மணிக்குக் கணக்குப்பிள்ளை ஜீப்பு ஒண்ணு போறது எனக்குத் தெரியும். சொன்னா ஏத்திக்குவாங்க. நான்தான் தடுத்தேன். மழை, அட்டை, குளிரு, ஒத்தப் பொம்பளை, கூலி ஆளுக தங்குற லயத்துல உனக்கு எங்க இடம் இருக்குன்னு அடுக்கினேன். ஞாயித்துக்கிழமை லீவுக்கு அவரே இறங்கி வருவாரு, மூணு நாள்தானேன்னேன். அது கெஞ்சுச்சு. ரெண்டு மணி ஜீப்புல என்னை ஏத்தி விட்டுருங்கண்ணேன்னு என் பின்னாலயே வந்துச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. நல்லதுக்குச் சொன்னா கேக்கமாட்டியா, பேசாம உக்காருன்னு சத்தம் போட்டேன். உக்காந்துருச்சு. ஜீப்பு எங்க தெருவழியாத்தான் போச்சு. ஆரன் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பாத்துச்சு, அவ்வளவுதான்.

அந்த ரெண்டு நாளும் அது சும்மா இருக்கலை. பாய்களை எல்லாம் உதறிச் சுருட்டி வச்சுச்சு. புருசன் விட்டுட்டுப் போன சட்டையைக் கேட்டு வாங்கித் துவைச்சு, கஞ்சி போட்டுச்சு. வெயில் இல்லை. அடுப்படியில கயித்தைக் கட்டிக் காயப் போட்டு, மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவரு வந்ததும் என்ன சொல்லப் போறேன்னு தேவகிருபைகிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துச்சாம்.

சனிக்கிழமை பொழுது சாயுற நேரம் சோணை வந்தான். தலையில ஒண்ணும் இல்லை. காப்பி குடிக்க வந்து உக்காந்தான். இருளம்மாள் பக்கத்துல சட்டையை மடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது யாருன்னு அவனுக்குத் தெரியாது.

“வீரணன் சனம் யாரும் வரலையாண்ணே? நேத்து மத்தியானம் வரைக்கும் போட்டு வச்சிருந்தோம். மழை விடலை. அதுக்கு மேல வைக்க முடியலை, அடக்கம் பண்ணிட்டோம்.”

எனக்கு ஒரு நிமிசம் அவன் என்ன மொழி பேசுறான்னே விளங்கலை. விளங்கினதும் எந்திரிச்சு அவன் சட்டையைப் பிடிச்சேன். செத்துட்டாருன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடான்னு கத்தினேன். அவன் என் கையைக்கூடத் தட்டி விடலை.

“தலையில சுமை இருந்துச்சேண்ணே.”

கையை எடுத்துட்டேன். அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாததா? தலையில சுமையோட இருக்கையில சாவு வார்த்தையை வாயில எடுக்கமாட்டாங்க. எடுத்தா சரிவுல காலு வழுக்கும்னு ஒரு பயம். இருபது வருசம் அவங்களோடதான் பொழங்குறேன். இறக்கி வச்சிட்டுச் சொல்லுடான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ஓடிப் போய்க் கேட்டிருக்கலாம். சுவத்துல ஒரு பேரை அழிக்கிற அவசரத்துல இருந்தேன்.

இருளம்மாள் அழலை. மடிச்ச சட்டையை மடியில வச்சுக்கிட்டு எங்கிட்டச் சொல்லுச்சு.

“எனக்கு அப்பவே சரியாத்தான் கேட்டுச்சுண்ணே.”

அதுல கோவமே இல்லை. திட்டியிருந்தா நான் பொழைச்சிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஜீப்பு பிடிச்சு நானும் கூடப் போனேன். தோட்டத்துக் கங்காணி, திருப்பதின்னு பேரு, ஓரமா ஒரு மேட்டைக் காட்டினாரு. ஈரமண்ணு, தலைமாட்டுல மூணு கல்லு. போய்ச் சேர்ந்த அன்னிக்கே வீரணன் அவருகிட்ட, பாய்க்கடைக்குச் சேதி சொல்லி விடுங்க, அந்த அண்ணாச்சி சத்தம் போடுவாருன்னு சொல்லியிருக்காரு. காய் எடுக்கிற சமயம், திருப்பதி மறந்துட்டாரு. மூணாம் நாள் காய்ச்சல்ல படுத்தவரு எந்திரிக்கலை, புதன்கிழமை ராத்திரி உசிரு போயிருச்சு. அந்த முதல் சேதி ஒழுங்கா வந்திருந்தா பேரை அன்னிக்கே அழிச்சிருப்பேன். ரெண்டாவது சேதி எனக்குச் சரியா விளங்கியிருக்கும். வியாழக்கிழமை ரெண்டு மணி ஜீப்புல அது போயிருந்தா மூஞ்சியைப் பாத்திருக்கும். இதையெல்லாம் நான் எத்தனை தடவை நினைச்சுப் பாத்தாலும் ஜீப்பு போனது போனதுதான்.

இருளம்மாள் மண்ணு மேல கையை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு பேசுச்சு. தேவகிருபைகிட்டச் சொல்லிப் பாத்ததெல்லாம் மறந்துபோச்சு போல. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீகன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன்.

கீழே வந்ததும் ஊருக்குக் கிளம்பிருச்சு. இன்னும் ஒரு நாள் இருன்னு தேவகிருபை அழுதா. கேக்கலை. சட்டை மூட்டையை இடுப்புல இடுக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போனது, திரும்பி வந்து வடக்குச் சுவத்து முன்னால நின்னுச்சு. பேரு அழிச்ச இடத்துல வெள்ளைக் கறை இருந்துச்சு.

“எழுதுங்கண்ணே.”

எதைன்னு கேட்டேன்.

“அவரு பேரை. நீங்க அழிச்ச இடத்துலயே எழுதுங்க. நான் சொன்ன சொல்லு பலிக்கக் கூடாதுண்ணே. அவரு இன்னும் போய்ச் சேரலை.”

சாக்கட்டியை எடுத்தேன். எழுத்து கோணிக்கிச்சு. அது பக்கத்துல நின்னு ஒவ்வொரு எழுத்தையும் பாத்துச்சு. முன்னால இருந்த மாதிரியே இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். விரலை வச்சுத் தொட்டா அழிஞ்சிரும்னு, தொடாமப் பாத்துட்டுப் பஸ்சுக்குப் போயிருச்சு.

இப்ப ஆறு வருசமாச்சு. வெள்ளையடிக்கிறவன் வருசா வருசம் கேக்கறான், அந்த ஒரு முழத்தை மட்டும் ஏன் விடச் சொல்றீங்கன்னு. எழுத்து மங்கினா நான் மேல எழுதிக்கிறேன். புதுசா வர்றவங்க கேப்பாங்க, யாருங்க வீரணன், இன்னும் சேதி வரலையான்னு. வரலைன்னுதான் சொல்லுவேன்.